அனுப்பாத ராஜினாமா கடிதம்

கேள்வி:

எனக்கு 31 வயது. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் பகுதி மைன்ஸ் குவார்ட்டர்ஸில் அப்பா, அம்மா, மனைவி, எல்.கே.ஜி. படிக்கும் மகள் ஆகியோருடன் வசிக்கிறேன். பெங்களூருவில் ஒரு தனியார் நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் வேலை. சேர்ந்து 4 வருடம் 2 மாதம் ஆகிறது. கைக்கு வரும் சம்பளம் 26 ஆயிரம் ரூபாய்.

முதல் இரண்டு வருடம் நன்றாகத்தான் போனது. புதிய டீம் லீடர் வந்த பிறகு எல்லாம் மாறிவிட்டது. டார்கெட் குறைந்தால் எல்லோர் முன்னிலையிலும் நிற்க வைத்துக் கேட்கிறார். ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்பில் விளக்கம் கேட்கிறார். எச்.ஆரிடம் இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பலன் இல்லை.

விடியற்காலை ரயில் வண்டியில் பங்காரப்பேட்டை வரை எனக்கு ஒன்றும் இருக்காது. மாலூர் தாண்டியதும் வயிற்றைப் பிசையும். ஒயிட்ஃபீல்ட் வருவதற்குள் உள்ளங்கை வியர்த்து நெஞ்சு படபடக்கும். இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகே அது ஆரம்பித்துவிடுகிறது. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றுமில்லை என்றார். இந்த இரண்டு மாதத்தில் ஐந்தாறு நாள் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி லீவு போட்டிருக்கிறேன்.

ராஜினாமா கடிதத்தை போனில் எழுதி வைத்திருக்கிறேன். தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுகிறேன். மனைவி 'விட்டுடுங்க' என்கிறாள். அப்பா சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் வேலை பார்த்தவர். 2001இல் மைன்ஸ் மூடியபோது நான் ஒன்றாம் வகுப்பு. அதன்பிறகு பல வருடம் பெங்களூருவில் செக்யூரிட்டி வேலைக்கு இதே வண்டியில்தான் போய் வந்தார். 'இருக்கிற வேலைய விட்டுட்டு நின்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதுடா' என்கிறார். விடவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. என்ன செய்யட்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோலார் தங்கவயல்

பதில்:

அந்த வேலையை விடலாம் என்பதுதான் என் கருத்து. ஆனால் இந்த மாதம் வேண்டாம். நடுக்கத்தில் இருக்கும் கையால் அந்தக் கடிதத்தை அனுப்பவும் வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தில் இருப்பது ஒரு பயம் இல்லை, இரண்டு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமப்பதால்தான் முடிவெடுக்க முடியாமல் தவிக்கிறீர்கள்.

முதல் பயம் உங்கள் உடம்பில் தெரிகிறது. அதை முதலில் பார்ப்போம். மாலூருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கும் நடுவில் உங்களை யாரும் திட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் உங்கள் ஊர்க்காரர்கள். ஆனாலும் அங்கேதான் வயிறு பிசைகிறது. அடுத்த ஒரு மணி நேரத்தில் எங்கே போய் நிற்கப்போகிறீர்கள் என்பதை உங்கள் உடல் ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பாடம் செய்து வைத்திருக்கிறது. ஆபத்து வருகிறது என்று மூளை முடிவு கட்டினால் அட்ரினலின் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும், கை வியர்க்கும், வயிற்றுக்குப் போகிற ரத்தம் குறையும். இதில் எதுவும் உங்கள் கற்பனை இல்லை. எதுவும் உயிருக்கு ஆபத்தும் இல்லை. ஈ.சி.ஜி. பார்த்த டாக்டர் சொன்னதை நம்புங்கள். தைராய்டு பரிசோதனை செய்யவில்லை என்றால் ஒருமுறை செய்துகொள்ளுங்கள். அது கூடினாலும் இதே படபடப்பு வரும். வண்டியில் ஏறியதிலிருந்து ஆபீஸ் போகும்வரை எத்தனை டீ, காபி குடிக்கிறீர்கள் என்றும் பாருங்கள். வெறும் வயிற்றில் இரண்டு காபி என்பதே பதற்றக்காரருக்கு அதிகம்.

ஒயிட்ஃபீல்டில் படபடப்பு வரும்போது அதை அடக்கப் போராடாதீர்கள். மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயம் தானாக வேகம் குறையும். ஐந்து நிமிடம் செய்தால் போதும். பதற்றத்தின் அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்விட்டுத் தானே இறங்கிவிடும். அதை இரண்டு மூன்று தடவை கண்ணால் பார்த்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

இனி, பொய் சொல்லிப் போட்ட லீவுகள். குற்றம் சொல்வதற்காக இதை எடுக்கவில்லை. 'இன்று போகவில்லை' என்று முடிவெடுத்த அந்த நிமிடம் உங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும் என்று தெரியும். சிக்கலே அந்த நிம்மதியில்தான் இருக்கிறது. தப்பித்தால் நிம்மதி என்று மூளை கற்றுக்கொள்கிறது. மறுநாள் வண்டி ஏறுவது இன்னும் கனக்கிறது. தினமும் அந்தக் கடிதத்தைத் திறந்து மூடுவதும் அதே வகைதான். ஒவ்வொரு முறையும் விட்டுவிட்டது போல ஒரு கணம், பிறகு விட முடியாத பயம் ஒரு கணம். ஒரே நாளில் பத்து தடவை ராஜினாமா செய்து பத்து தடவை திரும்பப் பெறுகிற மனிதருக்குக் களைப்பு வராமல் என்ன செய்யும்? இன்று ராத்திரி அதை ஒரு வெள்ளைத் தாளில் எழுதி பீரோவில் வைத்துவிட்டு, போனிலிருந்து அழித்துவிடுங்கள். அது எங்கும் போய்விடாது.

லீவு போடுவதாக இருந்தால் முறையாக எழுதிக் கொடுத்து ஒரு வாரம் சேர்த்துப் போடுங்கள். அந்த வாரத்தில் உங்களையே கவனியுங்கள். மூன்றாம் நாள், நான்காம் நாள் வயிறு அடங்கி, தூக்கம் வந்து, மகளோடு விளையாட மனம் வந்தால், காரணம் பெரும்பாலும் அந்த ஆபீஸ்தான். வேலை நினைப்பு போனபிறகும் பதற்றம் வேறொன்றைப் பிடித்துக்கொண்டால் கதை வேறு: மகளுக்குக் காய்ச்சல் வருமோ, கேஸை மூடினோமோ, அப்பாவின் இருமல் பெரிய வியாதியோ என்று மனம் தாவிக்கொண்டே இருக்கும். அப்படியானால் முதலில் பதற்றத்துக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆபீஸுக்கும் அது உங்களோடு ஏறி வந்துவிடும்.

இப்போது இரண்டாவது பயத்துக்கு வருகிறேன். அது உங்கள் அப்பாவுடையது. இன்னும் சரியாகச் சொன்னால், உங்கள் ஊருடையது.

வெளியூர்க்காரர்களுக்கு அப்பாவின் பேச்சு வழக்கமான பெற்றோர் புலம்பலாகத் தெரியலாம். தங்கவயலில் அது அனுபவம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்ததிலிருந்து அந்த ஊரில் சுரங்கம் என்பது சம்பளம் மட்டுமா? வடார்க்காடு, சேலம், சித்தூர் பக்கங்களிலிருந்து கைப்பெட்டியோடு வந்தவர்களுக்கு வீடு அது தந்ததுதான், தண்ணீர் அது தந்ததுதான், ஆஸ்பத்திரியும் அதுவேதான். சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் 1902இல் தங்கவயலுக்கு வந்தது. பெங்களூரு தெருக்களில் அது எரிந்தது 1905இல். ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்த இடம். அது பிறகு அரசுடைமையாகி, 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் லிமிடெட் ஆகி, 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. கடைசியில் மிச்சமிருந்த மூவாயிரத்துச் சொச்சம் தொழிலாளர்களில் உங்கள் அப்பாவும் ஒருவர். தொழிற்சங்கங்கள் நீதிமன்றம் வரை போயும் சுரங்கம் திறக்கவில்லை. 'வேலை போனால் என்ன ஆகும்' என்பதற்கு அவர் கண்ட பதில், ஒரே நாளில் ஒரு ஊரே நின்றுபோனது. அவர் பயப்படுவதில் ஒரு தவறும் இல்லை.

ஆனால் அவருக்கு நேர்ந்ததும் நீங்கள் செய்ய நினைப்பதும் ஒன்றல்ல. அவர் வேலையை விடவில்லை. வேலை அவரிடமிருந்து எடுக்கப்பட்டது. அந்த நாளை அவர் தீர்மானிக்கவில்லை. கைக்கு வந்த தொகையையும் அவர் தீர்மானிக்கவில்லை. கற்ற தொழிலுக்கு அக்கம்பக்கத்தில் வேறு சுரங்கம் இல்லை. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறையைப் படிக்கத் தெரிந்த மனிதருக்கு மேலே கிடைத்தது வாசல் காவல். உங்களால் நாளைக் குறிக்க முடியும். தேடிவிட்டுக் கிளம்ப முடியும். உங்கள் வேலைக்கு அதே ரயில் பாதையில் வேறு பல ஆபீஸ்கள் இருக்கின்றன. பயம் இந்த வித்தியாசத்தைப் பார்க்காது. நீங்கள் பார்த்தாக வேண்டும்.

வேலை போன ஊரைப் பற்றி உலகம் மதிக்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியென்டால் என்று ஒரு சிறிய ஊர். ஊர் முழுக்க ஒரே ஜவுளி ஆலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடப்பட்டது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ஜைசல் ஆகியோர் ஒரு குழுவோடு அங்கே போய் ஒவ்வொரு வீடாகப் பார்த்து எழுதி, 1933இல் அதை வெளியிட்டார்கள். வேலை இல்லாததால் நேரம் நிறையக் கிடைத்ததே, ஜனங்கள் நிறையப் படித்திருப்பார்கள் என்று நாம் நினைப்போம். நூலகத்தில் எடுத்த புத்தகங்களின் எண்ணிக்கை குறைந்துபோயிருந்தது. ஆய்வாளர்கள் ஜன்னலோரம் நின்று, தெருவில் போகிறவர்களின் நடையைக் கணக்கிட்டார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் பலமுறை நின்றார்கள். வீட்டு வேலை மிச்சமிருந்த பெண்கள் வேகமாகவே நடந்தார்கள். பல ஆண்கள் கடிகாரம் கொண்டுபோவதையே விட்டிருந்தார்கள். அதைப் படிக்கும்போது எனக்கு 2001க்குப் பிந்திய சாம்பியன் ரீஃப் தெருக்கள்தான் நினைவுக்கு வருகின்றன. ஷிப்ட் சங்கு ஊதாத ஊரில் காலை எப்போது தொடங்கி எப்போது முடிந்தது என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.

யஹோடா பிற்காலத்தில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். வேலை நமக்குப் பணத்தைத் தவிர வேறு சிலவற்றையும் தருகிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்கிற உணர்வு, நாலு பேர் மத்தியில் ஓர் இடம், சும்மா இராமல் இயங்க ஒரு காரணம். வேலையை விடுகிறவர்கள் பணத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். இவற்றுக்குப் போடுவதில்லை. பிறகு மூன்றாவது வாரத்தில் மத்தியானம் வரை படுத்துக் கிடக்கும்போதுதான் எது போயிற்று என்று தெரிகிறது.

உங்கள் விஷயத்தில் இதை நேராகக் கேட்டுப் பார்க்கலாம். இந்த ஆபீஸ் இப்போது உங்களுக்கு நாலு பேர் மத்தியில் ஓர் இடம் தருகிறதா? எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கப்படுகிறவருக்கு அது போய்விட்டது. சேர்ந்து செய்கிற உணர்வு? அதுவும் இல்லை. நாளின் ஒழுங்கும் மனிதர்களும் மட்டும் மிச்சம் இருக்கின்றன. அவற்றிலும் பாதியைத் தருவது ஆபீஸ் இல்லை, அந்த ரயில்.

மோசமான வேலையானாலும் வேலை இல்லாததைவிட மேல் என்று உங்கள் அப்பா சொல்வது உலகம் முழுக்கச் சொல்வதுதான். ஆஸ்திரேலியாவில் பீட்டர் பட்டர்வொர்த் குழுவினர் ஏழாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நல்ல வேலையில் இருப்பவர்களின் மனநலம் வேலை இல்லாதவர்களைவிட நன்றாக இருந்தது, அது எதிர்பார்த்ததே. ஆனால் மிக மோசமான வேலையில் இருப்பவர்களின் மனநலம் வேலை இல்லாதவர்களைவிட மேலாக இல்லை. சிலவற்றில் இன்னும் கீழே இருந்தது. வேலையில்லாமல் இருந்துவிட்டு அப்படிப்பட்ட வேலையில் சேர்ந்தவர்களுக்கு மனநலம் மேலும் சரிந்தது. மோசமான வேலை என்று அவர்கள் கணக்கில் எடுத்தவை: மிதமிஞ்சிய நெருக்கடி, எதையும் தீர்மானிக்க உரிமை இல்லாமை, நாளைக்கு இருக்குமோ என்ற நிச்சயமின்மை, உழைப்புக்கு நியாயமான பலன் இல்லாமை.

இதைப் புரிந்துகொள்ள ஆஸ்திரேலியா வரை போக வேண்டியதும் இல்லை. தங்கச் சுரங்கத்தின் தூசி தொழிலாளர்களின் நுரையீரலை அரிக்கும் சிலிகோசிஸ் நோயை 1940களிலேயே மருத்துவர்கள் உங்கள் ஊரில் பதிவு செய்திருக்கிறார்கள். அடுப்பெரிய வைத்த வேலையே ஆளையும் அரித்தது. அப்பாவின் தலைமுறைக்கு வேறு வழி இருக்கவில்லை. உங்களுக்கு இருக்கிறது. மாதச் சம்பளம் வருகிறது என்பதற்காக உடம்பு கொடுக்கும் விலையைக் கணக்கில் சேர்க்காமல் விடாதீர்கள்.

சரி, எப்படி விடுவது? மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைக் குறியுங்கள். மனதில் வேண்டாம், காலண்டரில் எழுதுங்கள். முடிவில்லாமல் சகிப்பதுதான் மனிதரை உடைக்கிறது. முடியும் நாள் தெரிந்தால் அதே டீம் லீடரின் அதே சத்தம் கொஞ்சம் தூரத்தில் கேட்கும். அந்த மூன்று மாதத்தில் வாரத்துக்கு இரண்டு இடத்துக்காவது விண்ணப்பம் போகட்டும். ரயிலில் போகும் நேரத்தை அதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, அதே பெட்டியில் வருகிறவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே ஊர், ஒரே வண்டி, வெவ்வேறு ஆபீஸ். ஆள் தேவை என்ற செய்தி அங்கே முதலில் வரும். வெட்கப்பட்டு மறைத்தால் அந்தக் கதவு மூடியே இருக்கும்.

பணக் கணக்கைத் தாளில் போடுங்கள். மளிகை, பால், மகளின் ஃபீஸ், அப்பா அம்மாவின் மருந்து, கடன் தவணை, சீட்டு, பண்டிகை. இதுதான் குடும்பத்தின் ஒரு மாதம். கையில் இருப்பதை அதனால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று தெரியும். மூன்று மாதத்துக்குக் குறைவாக வந்தால் வேறு வேலை உறுதியாகாமல் விடாதீர்கள். மனைவியும் கூட உட்காரட்டும். 'விட்டுடுங்க' என்று சொல்பவருக்கு அந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

'இன்னும் பத்து மாதம் இருந்தால் ஐந்து வருடம் ஆகி கிராஜுவிட்டி கிடைக்கும்' என்று யாராவது சொல்வார்கள். அதையும் கணக்காகவே பாருங்கள். உங்கள் அடிப்படைச் சம்பளம் 14 ஆயிரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற முறைப்படி ஐந்து வருடத்துக்குச் சுமார் 40 ஆயிரம் வரும். பத்து மாதத்தால் வகுத்தால் மாதம் நாலாயிரம். ஆபீஸ் பொறுக்கக்கூடியதாக இருந்தால் அதற்காக இருப்பது புத்திசாலித்தனம். இப்போது உங்களுக்கு இருக்கும் நிலையில் மாதம் நாலாயிரத்துக்கு இதைத் தாங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பி.எஃப். பணத்தில் கைவைக்காதீர்கள். உங்கள் யு.ஏ.என். எண் மாறாது; புதிய நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இடையில் ஒரு விலக்கு. தூக்கத்துக்காகக் குடிக்க ஆரம்பித்தாலோ, குழந்தையிடம் கை ஓங்கும் அளவுக்கு எரிச்சல் வந்தாலோ, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், மூன்று மாதக் கணக்கை மறந்துவிடுங்கள். அன்றே டாக்டரைப் பாருங்கள், மெடிக்கல் லீவு எடுங்கள், தேவைப்பட்டால் விட்டும் விடுங்கள்.

அப்பாவிடம் பேசுவதைத் தள்ளிப்போடாதீர்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் திடீரென்று 'வேலைய விடப்போறேன்' என்று ஆரம்பிக்க வேண்டாம். ஒரு ஞாயிறு காலை, அவரோடு தனியாக உட்காருங்கள். முதலில் கேளுங்கள்: "மைன்ஸ் மூடினப்புறம் பெங்களூர் வண்டியில முதல் நாள் ஏறினீங்களே, அன்னைக்கு எப்படிப்பா இருந்துச்சு?" பெரும்பாலான அப்பாக்களிடம் இதை யாரும் கேட்டதே இல்லை. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அதற்குப் பிறகு தாளைக் காட்டுங்கள். "நான் சும்மா நிக்கப்போறதில்லப்பா. தேதி இது, கையில இருக்கிறது இவ்வளவு, போட்டிருக்கிற அப்ளிகேஷன் இவ்வளவு." தொழிலையே மாற்றிக்கொண்டு ஒரு குடும்பத்தைக் கரையேற்றியவர் அவர். அவருக்கு முன்மாதிரி இருக்கவில்லை. உங்களுக்கு அவரே இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஒரே நாளில் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒப்புக்கொண்டாக வேண்டிய அவசியமும் இல்லை. உங்களுக்குத் தேவை அவர் அனுமதி அல்ல, வீட்டில் ஒளித்து வைக்காத ஒரு முடிவு.

வேறு வேலை கிடைப்பதற்கு முன்பே விட நேர்ந்தால், முதல் திங்கட்கிழமைக்கு இப்போதே திட்டம் வையுங்கள். அதே நேரத்துக்கு எழுந்து, மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, ராபர்ட்சன்பேட்டையில் எங்காவது ஓர் இடத்தில் உட்கார்ந்து மதியம் வரை வேலை தேடுங்கள். வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்து தேட வேண்டாம்.

ராஜினாமா கடிதம் நான்கு வரி போதும். குறை எதையும் அதில் எழுதாதீர்கள். நோட்டீஸ் காலம் எத்தனை நாள் என்று நியமனக் கடிதத்தில் பார்த்து, கடைசி நாளைக் குறிப்பிடுங்கள். ரிலீவிங் லெட்டர், அனுபவச் சான்றிதழ், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். பி.எஃப். கணக்கில் வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா என்று பிறகு சரிபாருங்கள்.

இதற்கிடையில் மனநல மருத்துவர் ஒருவரை ஒருமுறை பாருங்கள். கோலாரில் எஸ்.என்.ஆர். மாவட்ட மருத்துவமனை இருக்கிறது, டமகாவில் ஜாலப்பா மருத்துவமனை இருக்கிறது, நீங்கள் தினமும் போகிற பெங்களூருவிலேயே நிம்ஹான்ஸ் இருக்கிறது. இந்தப் பதற்றத்துக்கு ஆலோசனையும் உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. இரண்டுக்கும் நல்ல பலன் தெரிகிறது. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் இன்றைக்கே 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். 2022 அக்டோபரிலிருந்து மத்திய அரசு நடத்துகிறது. இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.